ஆறடிக்கு மேல் வளர்ந்தவருக்கு முதல் கோல்ஃப் மட்டை: பெட்டி செட்டா, பழையதை நீட்டுவதா, அளவெடுத்து வாங்குவதா?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளில் சிலர் இப்போது கோல்ஃப் பழகுகிறார்கள். ஊரிலேயே இருந்துகொண்டு, எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் கவடியாருக்குப் போய் அங்குள்ள ஒன்பது குழி மைதானத்தில் ஆடிவிட்டு வருகிறவர்களும் உண்டு. இவர்களில் உயரமானவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: கடையில் இருக்கிற சாதாரண மட்டை எனக்குப் பத்துமா, இல்லை தனியாகச் செய்து வாங்கவேண்டுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரத்தை வைத்து மட்டை வாங்காதீர்கள். மணிக்கட்டிலிருந்து தரை எவ்வளவு தூரம் என்று அளந்து, அதை வைத்து வாங்குங்கள். அப்படி அளந்து பார்த்தால், ஆறடி மூன்று அங்குலம் வரை உள்ள பெரும்பாலான புதியவர்களுக்கு நல்ல பழைய மட்டையை அரை அங்குலம் நீட்டிக்கொள்வதே போதும். புதிதாக அளவெடுத்துச் செய்வது சிலருக்குத்தான் தேவை. யாருக்கு என்று பின்னால் சொல்கிறேன்.

அளப்பது எளிது. விளையாடப் போடும் ஷூவைப் போட்டு, சமதளத்தில் நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டில் உள்ளங்கை தொடங்கும் இடத்தில் ஒரு கோடு இருக்கும். அங்கிருந்து தரை வரை இன்னொருவர் டேப் பிடித்து அளக்கவேண்டும். தானே குனிந்து அளந்தால் தோள் இறங்கி, அளவு குறைந்துவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் அட்டவணை கொஞ்சம் மாறும். பொதுவாக 34 முதல் 36 அங்குலம் வரை வந்தால் நிலையான நீளமே சரி. 37, 38 என்று வந்தால் அரை அங்குலம் கூட்டவேண்டும். 40-ஐத் தாண்டினால் ஒரு அங்குலம்.

என் தங்கை மகன் ஆறடி மூன்று அங்குலம். பாளையங்கோட்டையில் அவன் வீட்டு மொட்டைமாடியில் வலை கட்டி, யாரோ கொடுத்த 7-ஆம் நம்பர் ஐயனை (பட்டையான இரும்புத் தலை மட்டை) வைத்து அடித்துக்கொண்டிருந்தான். “மாமா, இத வச்சு அடிச்சா இடுப்பு ஒடியுது. நீளமா ஒரு செட்டு வாங்கிருவோமா?” என்றான். “இருடே மருமவனே, மொதல்ல ஒன்ன அளந்து பாப்போம்” என்று டேப்பை எடுத்தேன். 37½ வந்தது. அதே உயரமுள்ள அவன் கூட்டாளி ஒருவனும் அன்றைக்கு அங்கே நின்றிருந்தான். அவனுக்குக் கை நீளம், 35½தான் வந்தது. ஆள் இரண்டு பேரும் ஒரே உயரம், ஆனால் ஒருவனுக்கு அரை அங்குலம் கூட்டவேண்டும், மற்றவனுக்கு ஒன்றுமே செய்யவேண்டாம். அந்தக் கூட்டாளி ‘உயரமானவர்களுக்கு’ என்று போட்டு விற்கிற செட்டை வாங்கியிருந்தால் பணமும் போய், ஆட்டமும் கெட்டிருக்கும்.

நீளம் பாதி விஷயம்தான். நஞ்சையில் வேலை செய்கிறவர்கள் மண்வெட்டிக்குக் கணை போடும்போது இரண்டைப் பார்ப்பார்கள்: கணை எத்தனை நீளம், இலை எந்தச் சாய்வில் நிற்கிறது. கணை குட்டையாக இருந்தால் இடுப்பு போகும். சாய்வு சரியில்லை என்றால் இலையின் ஒரு மூலை மட்டும் மண்ணைக் குத்தும். கோல்ஃப் மட்டையிலும் அதேதான். ஷாஃப்டுக்கும் (மட்டையின் தண்டு) மட்டைத் தலையின் அடிப்பாகத்துக்கும் இடையில் உள்ள கோணத்தை ‘லை’ என்பார்கள். 7-ஆம் நம்பர் ஐயனில் அது 62, 63 டிகிரி அளவில் இருக்கும். உயரமானவர் நிற்கும்போது கை மேலே இருக்கும், அதனால் ஷாஃப்ட் இன்னும் செங்குத்தாக நிற்கும். அப்போது ஷாஃப்டை ஒட்டிய குதிப் பக்கம் தரையைவிட்டு எழும்பி, மூக்குப் பக்கம் மட்டும் மண்ணில் குத்தும். மூக்கு குத்தினால் பந்தில் படும் முகம் திறந்துகொள்ளும், பந்து வலப்பக்கம் போகும். இடக்கைக்காரர் என்றால் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். 150 கஜத்துக்கு அடிக்கும்போது ஒரு டிகிரி பிசகினாலே சுமார் நான்கு கஜம் விலகும். லாஃப்ட், அதாவது முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, கூடக்கூட இந்தக் கோளாறும் கூடும். அதனால் தூரத்துக்கு அடிக்கும் டிரைவரைவிட 9-ஆம் நம்பர் ஐயனிலும் கிட்டத்து அடிக்கான வெட்ஜிலும்தான் இது நன்றாகத் தெரியும்.

புதிதாகப் பழகுகிறவருக்கு இது ஏன் முக்கியம் என்றால், பந்து வலப்பக்கம் போகும்போது தப்பு தன் கையில்தான் என்று அவர் நினைத்துக்கொள்வார். அதைச் சரிசெய்ய மணிக்கட்டைத் திருப்பிப் பழகுவார். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு சரியான மட்டை கையில் வந்தாலும் போகாது. அதோடு குட்டை மட்டைக்காக முதுகை வளைத்து நிற்கிறவர், அடிக்கும் வேகத்தில் தன்னையறியாமல் நிமிர்ந்துவிடுவார். அப்போது பந்தின் தலையில்தான் அடி விழும், அது தரையோடு உருண்டு போகும். “தலையைத் தூக்காதே” என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்லிக்கொண்டே இருப்பார். தலையைத் தூக்க வைப்பது குட்டை மட்டைதான் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

சரி, இனி எந்த வழியில் வாங்குவது என்று பார்ப்போம்.

முதல் வழி, பெட்டியாக விற்கும் செட். டிரைவரிலிருந்து, பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் வரை எல்லாம் ஒரே பையில் வந்துவிடும். புதியவருக்குக் குழப்பமே இல்லை. பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டி என்றால் விலை அரை லட்சத்தை ஒட்டி வரும், சாதாரணமானது அதைவிடக் குறைவு. சிக்கல் என்னவென்றால் இவை பெரும்பாலும் நடுத்தர உயரக்காரருக்கானவை. வில்சன் புரொஃபைல் மாதிரி சில வரிசைகளில் ஒரு அங்குலம் கூட்டிய ‘லாங்’ பெட்டியும் உண்டு. ஆனால் ஒரு அங்குலம் என்பது மணிக்கட்டு அளவு 40-ஐத் தொடுகிறவருக்கு. 37½ உள்ளவருக்கு அது அதிகம், முனை நீண்டுகொண்டு வயிற்றில் இடிக்கும். டெகாத்லானின் இனெசிஸ் மட்டைகள் உயரத்துக்குத் தக்கபடி இரண்டு அளவில் வருகின்றன, ஒற்றை மட்டையாகவும் வாங்கலாம். அது நல்ல ஏற்பாடு. உங்கள் மணிக்கட்டு அளவு 36-க்குள் என்றால், எத்தனை உயரமாக இருந்தாலும், பெட்டி செட்டையே வாங்கிவிட்டு நிம்மதியாகப் பழகலாம். 36-ஐத் தாண்டினவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பெட்டி செட்டின் மட்டைத் தலைகள் வார்ப்பில் செய்தவை, பெரும்பாலும் கோணத்தை மாற்ற இடம் கொடுக்காது. பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற வழி அடைபட்டுப்போகும்.

இரண்டாவது வழி, வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மச்சானோ கொண்டுவந்து கொடுக்கும் செட். நம் பக்கத்தில் இது சாதாரணம். மட்டைகளை விமானத்தில் கையோடு கொண்டுவர விடமாட்டார்கள், சரக்கில்தான் போடவேண்டும். ஓசியில் வருகிறது என்று அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். அவர்கள் அங்கே வாங்கும்போதே மணிக்கட்டு அளவை அனுப்பி, அதன்படி வாங்கச் சொல்லலாம். கடையில் பழையது வாங்குகிறார்கள் என்றால் ஒரு சங்கதி சொல்லி அனுப்புங்கள். 1959-இல் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம், மட்டைத் தலையில் ஒரு சின்ன வண்ணப் புள்ளி வைத்து லை கோணத்தைக் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தார். கறுப்புப் புள்ளி என்றால் நிலையான கோணம். நீலம், பச்சை, வெள்ளை என்று போகப்போக நிமிர்ந்த கோணம், அதாவது உயரமானவருக்கு உகந்தது. சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு எல்லாம் எதிர்ப்பக்கம். பழைய பிங் செட்டில் நீலமோ பச்சையோ தென்பட்டால் உயரமானவருக்கு அது பொக்கிஷம். சிவப்புப் புள்ளி செட்டை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: நல்ல பழைய ஐயன்களை வாங்கி நீட்டுவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பாதி வேலையைத் திருநெல்வேலியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரே ஒரு 7-ஆம் நம்பர் ஐயனை மட்டும் நீட்டிப் பாருங்கள். ஸ்டீல் ஷாஃப்ட் இருந்தால் நல்லது. கைப்பிடி ரப்பரான கிரிப்பைப் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் டேப்பைச் சுத்தமாகத் துடைத்தெடுக்கவேண்டும். ஷாஃப்டின் மேல்முனை வெளிவிட்டம் சுமார் 15 மில்லிமீட்டர். உள்விட்டம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அதனால் அளவைத் தாளில் எழுதிக் கொண்டுபோகாமல் மட்டையையே லேத் பட்டறைக்கு எடுத்துப்போங்கள். அலுமினியக் கம்பியில் ஒரு முளை கடைந்து தரச் சொல்லுங்கள். உள்ளே இறங்கும் பகுதி இரண்டு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. வெளியே நிற்கும் அரை அங்குலம் ஷாஃப்டின் வெளிவிட்டத்துக்குச் சரியாக இருக்கவேண்டும், விளிம்பு தட்டக்கூடாது. ஆட்டமில்லாமலும் அடித்து ஏற்றவேண்டியிராமலும், கையால் அழுத்தினால் இறங்குகிற மாதிரி இருந்தால் அது சரியான முளை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெதுவாக இறுகும் அரால்டைட் தடவி இறக்கி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை இதற்கு வேண்டாம். பிறகு இருபக்க டேப் சுற்றி, டர்பன்டைன் ஊற்றிப் புதுக் கிரிப்பை வழுக்கிக்கொண்டு ஏற்றலாம். கடைந்த முளை இணையத்தில் ரெடிமேடாகவும் கிடைக்கிறது. ஆனால் ஷாஃப்டைக் கையில் வைத்துப் பார்த்துக் கடைகிற லேத்காரரின் பொருத்தம் அதில் வராது.

இரண்டு எச்சரிக்கை. ஒரு அங்குலத்துக்கு மேல் நீட்டவே கூடாது. வீசும்போது அந்த ஒட்டு முறிந்துபோகலாம். கிராஃபைட் ஷாஃப்டில் முளையை இறுக்கி ஏற்றினால் ஷாஃப்ட் நீளவாக்கில் பிளந்துவிடும். அதற்குப் பழக்கமான கை வேண்டும், பட்டறையில் முயல வேண்டாம்.

நீட்டினால் தலையின் பாரம் கூடினது போலத் தெரியும். அரை அங்குலத்துக்கு ஸ்விங்வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு பாரமாகத் தெரியும் என்ற அளவு) மூன்று புள்ளி ஏறும், உதாரணமாக டி1 இருந்தது டி4 ஆகும். புதியவருக்கு இது கெடுதல் இல்லை, தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். பாரமாகத்தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் தடித்த கிரிப் போட்டால் ஒரு புள்ளி குறையும். உயரமானவர்களுக்குக் கையும் பெரிதாகத்தானே இருக்கும், தடித்த கிரிப்பே வசதி. பிடித்துப் பாருங்கள்: மேல் கையின் நடுவிரல் நுனி உள்ளங்கையை லேசாகத் தொட்டால் பருமன் சரி, குத்திக்கொண்டு நின்றால் கிரிப் மெலிது.

நீளத்தை முடித்துவிட்டுத்தான் லை கோணத்தைப் பார்க்கவேண்டும். இந்த வரிசையைப் பலர் மாற்றிவிடுகிறார்கள். மட்டை நீண்டால், கை இருக்கும் உயரம் அப்படியே இருக்க, ஷாஃப்ட் கொஞ்சம் படிந்து, மூக்கு தானாகவே எழும்பும். அரை அங்குலத்துக்குச் சுமார் ஒரு டிகிரி நிமிர்த்தின மாதிரி ஆகிவிடும். முதலிலேயே இரண்டு டிகிரி வளைத்துவிட்டு அப்புறம் நீட்டினால், பந்து இப்போது இடப்பக்கம் போக ஆரம்பிக்கும்.

கோணத்தைச் சோதிக்க வீட்டில் ஒரு வழி உண்டு. பந்தில் மார்க்கரால் தடித்த கோடு ஒன்று போடுங்கள். அந்தக் கோடு செங்குத்தாக நின்று மட்டை முகத்தைப் பார்க்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். மை முகத்தில் ஒட்டும். அந்த மைக்கோடு முகத்தில் உள்ள பள்ள வரிகளுக்குச் செங்குத்தாக இருந்தால் கோணம் சரி. கோட்டின் மேல்முனை குதிப் பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை இன்னும் நிமிரவேண்டும். மூக்குப் பக்கம் சாய்ந்திருந்தால் அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டது. ஒரு அடியை வைத்து முடிவு கட்டக்கூடாது. வரிசையாகச் சில பந்து அடித்து, பந்து மட்டையின் நடுவில் பட்ட அடிகளை மட்டும் பாருங்கள். மருமகனுக்கு அரை அங்குலம் நீட்டிய பிறகும் மைக்கோடு லேசாகக் குதிப் பக்கம்தான் சாய்ந்தது. இன்னும் ஒரு டிகிரி மட்டும் பாக்கி. வெறுமனே நின்று பார்க்கும்போது மூக்கின் அடியில் ஒரு நாணயம் நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் பயப்படவேண்டாம். வீசும் வேகத்தில் ஷாஃப்ட் கீழ்நோக்கி வளையும், அப்போது அடிப்பாகம் சமமாகப் படியும்.

அந்த ஒரு டிகிரியைச் சரிசெய்வதை மட்டும் உள்ளூர்ப் பட்டறையில் செய்யாதீர்கள். கேஸ் வைத்துச் சூடாக்கி வளைத்துத் தருகிறேன் என்பார்கள். சூட்டில் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் பசை இளகும், உலோகத்தின் பதமும் கெடும். இதற்கென்று லாஃப்ட்-லை எந்திரம் இருக்கிறது. கோல்ஃப் மைதானங்களை ஒட்டிய பழுதுபார்க்கும் கடைகளில் வைத்திருப்பார்கள். குளிர் நிலையிலேயே பிடித்து வளைப்பார்கள். அடித்துச் செய்த இளகின இரும்புத் தலை என்றால் இரண்டு டிகிரி வளைப்பது சுலபம். வார்ப்புத் தலை முரண்டு பிடிக்கும், கழுத்தில் விரிசல் விடவும் கூடும். அதனால் பழைய செட் வாங்கும்போதே விற்கிறவரிடம் ‘ஃபோர்ஜ்டா, காஸ்ட்டா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். உயரமானவருக்கு, பிராண்டைவிட இந்தக் கேள்வி பெரிது.

நான்காவது வழி, அளவெடுத்துப் புதிதாகச் செய்வது. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். சென்னையிலோ பெங்களூரிலோ ஃபிட்டிங் வைத்திருக்கும் இடத்துக்குப் போனால், பந்தின் வேகம், ஏறும் கோணம், சுழற்சி எல்லாவற்றையும் கருவி வைத்துக் காட்டுவார்கள். நல்ல அனுபவம், ஆனால் பெயர்பெற்ற நிறுவனத்தின் ஐயன் செட் மட்டுமே லட்சத்தை ஒட்டிப் போகும். பழக ஆரம்பித்த ஆறு மாதத்துக்குள் இதைச் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. உடம்பின் அளவு மாறாது, ஆனால் வீசும் முறை மாதா மாதம் மாறும். ஷாஃப்ட் எவ்வளவு விறைப்பாக இருக்கவேண்டும் என்பதை வீசும் வேகம்தான் தீர்மானிக்கிறது, உயரம் அல்ல. டிரைவரின் வேகம் மணிக்கு 85 முதல் 95 மைல் என்றால் ரெகுலர், அதைத் தாண்டி 105 வரை என்றால் ஸ்டிஃப் என்பது வழக்கமான கணக்கு. இன்றைக்கு 85-இல் இருப்பவர் அடுத்த தீபாவளிக்குள் 98-க்கு வந்துவிடலாம். இன்றைய வீச்சுக்கு அளவெடுத்த விறைப்பு அப்போது உதவாது.

ஆனால் ஒரு சாராருக்கு இதைத் தவிர வேறு வழி இல்லை. ஆறடி ஐந்து, ஆறு என்று போய், மணிக்கட்டு அளவும் 40-ஐத் தாண்டினவர்கள் முதலிலிருந்தே அளவெடுத்துத்தான் வாங்கவேண்டும். நீளம் ஒரு அங்குலம், கோணம் மூன்று நான்கு டிகிரி என்று வரும்போது பழையதை ஒட்டுப் போட்டு அந்த இடத்துக்குக் கொண்டுவர முடியாது. 1969-இல் கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்ற ஜார்ஜ் ஆர்ச்சர் ஆறடி ஐந்து அங்குலத்துக்கு மேல் இருந்தவர். உயரம் இந்த ஆட்டத்துக்குத் தடை என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள். முதுகுவலி ஏற்கெனவே இருப்பவர்களும் அளவு என்னவாக இருந்தாலும் இந்த வழிக்கே போகலாம். பணத்தைவிட முதுகெலும்பு பெரிது.

இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் செய்வதே கூடாது. பழைய மட்டை ஒன்றிரண்டு போதும்.

ஐந்தாவதாக ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். 2020-இலும் 2024-இலும் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற பிரைசன் டிஷாம்போ, எல்லா ஐயன்களையும் ஒரே நீளத்தில் வைத்து ஆடிப் பேர் வாங்கியவர். கோப்ரா நிறுவனம் இப்படி ஒரே நீள செட்டைக் கடையிலேயே விற்றிருக்கிறது. உயரமானவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. வழக்கமான செட்டில் வெட்ஜுக்குப் போகப்போக மட்டை குட்டையாகும், குனிதல் கூடும். ஒரே நீளம் என்றால் எல்லா அடிக்கும் 7-ஆம் நம்பர் நிற்கும் நிலையே. எனக்கு இது நல்ல யோசனையாகவே படுகிறது. ஆனால் பழையதாகக் கிடைப்பது அரிது, நம் பக்கத்தில் கைக்கு வந்து அடித்துப் பார்க்காமல் வாங்கவும் மனசு வராது.

மொத்தமும் எத்தனை மட்டை வேண்டும் என்றால், விதிப்படி பதினான்கு வரை வைத்துக்கொள்ளலாம். பழகுகிறவருக்கு ஏழு போதும்: ஒரு 5-வுட் (பருத்த தலையுள்ள தூர அடி மட்டை), ஒரு ஹைப்ரிட் (வுட்டுக்கும் ஐயனுக்கும் நடுவிலானது), 7, 9 ஐயன்கள், பிட்சிங் வெட்ஜ், சேண்ட் வெட்ஜ், பட்டர். நடுவில் உள்ள ஐயன் இரண்டையும் வெட்ஜ் இரண்டையும் நீட்டினால் வேலை முடிந்தது. டிரைவரைப் பிறகு வாங்குங்கள், வாங்கினாலும் நீட்டாதீர்கள். அது ஏற்கெனவே 45 அங்குலத்துக்கு மேல். இன்னும் நீண்டால் முகத்தின் நடுவில் பந்து படுவது அரிதாகிவிடும். பட்டர் கடையில் 33 முதல் 35 அங்குலம் வரை இருக்கும். உயரமானவர் 35-ஐ எடுத்து, கண் பந்துக்கு நேர் மேலே வருகிறதா என்று பார்த்தால் சரி.

கடைசியாக, நம் ஊர் வெயில். சித்திரையில் பூட்டின கார் டிக்கிக்குள் மட்டைப் பையைப் போட்டுவைத்தால் ஒட்டின பசை இளகும், கிரிப் ரப்பர் காய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்கும். வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். கிரிப்பை அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் வியர்வை எண்ணெய் போய் மறுபடி பிடிக்கும்.